அந்தக் கைமேல் படுக்காதே

நராண்டெரா
2 ஜூலை, ஞாயிறு

கெல்,

நீ சொன்னபடியே எழுதுகிறேன். "இனிமே எனக்கு போன் பண்ணாத. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா கடுதாசி போடு" என்று நீ கத்தியபோது, இவள் எங்கே எழுதப்போகிறாள் என்று நினைத்துத்தான் கத்தினாய். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை வேறு வேலை கிடையாது என்பதை மறந்துவிட்டாய். ஒரு கட்டு தபால்தலை வாங்கி வைத்திருக்கிறேன்.

மே மாதம் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னாய். பாதி கேட்கிறேன். என் போனில் உன் சர்க்கரை 2.9 என்று சிவப்பில் வந்தது. நாலுக்குக் கீழே இறங்கினால் உனக்குக் கை நடுங்கும், மூன்றுக்குக் கீழே போனால் பேச்சே குழறும். உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மேலாளரின் மனைவி ஏப்ரனோடு கொட்டகைக்கு ஓடி, இடைவேளை முடிந்து அப்போதுதான் ஓடத் தொடங்கிய, ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் மற்ற ஐந்து மெஷின்களையும் நிறுத்தி, உன்னைத் தேடினாள். நீ தரையில் முதுகை நீட்டிப் படுத்து, இடது கைமேல் சாய்ந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். சென்சார் ஒட்டிய புயத்தை அப்படி அழுத்தினால் அது இல்லாத குறைவைக் காட்டும் என்று நர்ஸ் எனக்குச் சொன்னது அதற்கப்புறம். உனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்தக் கைமேலேயே படுத்தாய்.

மற்ற பாதியை நான் கேட்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஹே ஊருக்குப் போகும் சாலை ஓரத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் நீ சுருண்டு கிடந்தாய். ஆம்புலன்ஸ் வரும்வரை உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். நீ மயக்கத்தில் இருந்தாய், உனக்கு ஒன்றும் நினைவில்லை. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

ஆகவே ஒரு ஒப்பந்தத்துக்கு வருவோம். நான் போன் செய்ய மாட்டேன், குறுஞ்செய்தியும் அனுப்ப மாட்டேன். உன் சென்சார் என் போனில் வரையும் சர்க்கரைக் கோட்டை நீ நிறுத்தக் கூடாது. ஒரு நாள் அது நின்றாலும் உன் கான்ட்ராக்டர் ராஸ் பெக்கெட்டிடம் பேசுவேன். அவர் எண் என்னிடம் இருக்கிறது.

தடித்த காலுறை இரண்டு ஜோடி இதோடு வருகிறது.

கிளெனிஸ்


மல்கா டேங்க் கொட்டகை
8 ஜூலை, சனி

அக்கா,

காலுறைக்கு நன்றி. மற்றதற்கு இல்லை.

நீ பெக்கெட்டிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை, அவரே என்னிடம் பேசிவிட்டார். போன திங்களன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கெல், கத்தரிக்கிறதுல உன் கை சுத்தமான கை. ஆனா இன்னொரு தடவை உன்னால கொட்டகை நின்னுச்சுன்னா அடுத்த சீசன் வேற ஆளைப் பாத்துக்குவேன்." முப்பத்து மூன்று வருஷமாக இந்த வியாதியோடு இருக்கிறேன், இருபத்தைந்து வருஷமாக ஆடு கத்தரிக்கிறேன், ஒரு நாளும் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மே மாதத்திலிருந்து எனக்கு இங்கே பெயர் 'பாப்பா'. சாப்பாட்டு மேசையில் சர்க்கரை ஜாடியை என்னைத் தாண்டிக் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இங்கே ஆறு பேர் கத்தரிக்கிறோம். தொப்பியில் சீட்டுப் போட்டு இடம் எடுத்ததில் எனக்கு ஆறாவது பட்டி வந்தது, கடைசி மூலை, கம்பளி பிரஸ்ஸை ஒட்டி. பிரஸ்ஸில் நெவ் டாரன்ட். உனக்கு அவனைத் தெரியாது. ஐம்பத்து மூன்று வயது, விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருப்பான், ஒரு நாளும் டாக்டரிடம் போனதில்லை என்று பெருமையடிப்பான். கம்பளியை அமுக்கிப் பொதி கட்டுவதும், பொதியின்மேல் எழுத்து வெட்டிய தகடு வைத்துப் பண்ணை முத்திரையும் எண்ணும் மையடிப்பதும் அவன் வேலை. பக்கத்தில் இருப்பதால் நாள் முழுக்க அவன் பாட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நாளை ஞாயிறு, பழைய சென்சாரின் பதினான்கு நாள் முடிகிறது. புதிதாக ஒன்று ஒட்டப்போகிறேன். இனிமேல் கோடு உன் பேருந்துச் சாலை மாதிரி நேராக இருக்கும், பார்த்துக்கொள். நிம்மதியாகத் தூங்கு.

கெல்


நராண்டெரா
16 ஜூலை, ஞாயிறு

கெல்,

நேராக இருக்கும் என்று எழுதியிருந்தாய். திங்களன்று மதியம் சாப்பாட்டுக்குப் பின் 16. செவ்வாய் 17.4. வியாழன் மாலை இனிப்புக்குப் பிறகு 19. காலையில் எழுந்திருக்கும்போதே 13. பத்துக்கு மேல் போனால் என் போன் முணுமுணுக்கும் என்று வைத்திருக்கிறேன்; இந்த வாரம் அது முணுமுணுப்பதை நிறுத்தவே இல்லை. பேருந்தில் முன் இருக்கைப் பெண் குழந்தை என்னிடம், "உங்க போன் அழுதுட்டே இருக்கே, பசிக்குதா அதுக்கு?" என்று கேட்டாள்.

இன்சுலின் போடுகிறாயா இல்லையா? தீர்ந்துவிட்டதா, அல்லது டப்பா வெயிலில் கிடந்து கெட்டுவிட்டதா? உங்கள் கொட்டகைச் சமையல்காரி பாகில் ஊறிய மாவுருண்டை செய்கிறாளா? செய்கிறாள் என்று எனக்குத் தெரியும், அந்தக் கோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறும் விதத்திலேயே மாவுருண்டை தெரிகிறது. என்மேல் உள்ள கோபத்தை உன் உடம்பில் காட்டுகிறாய் என்றால் சொல்லிவிடு.

இன்னொன்று. உன் கோட்டை இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். ஏழரைக்கு மெஷின் ஓடத் தொடங்கும், கோடு இறங்கும். ஒன்பதரைக்கு டீயும் பிஸ்கட்டும், ஏறும். பத்துக்கு மறுபடி இறங்கும். ஒரு நாளைக்கு நாலு ஏற்றம் நாலு இறக்கம், கடிகாரத்தைப் பார்க்காமலே உன் கொட்டகையில் மணி என்ன என்று சொல்லிவிடுவேன். இந்த வாரம் அந்த இறக்கம் பேருக்குத்தான் இருக்கிறது. நீ கத்தரிக்கவில்லையா? பெக்கெட் உன்னை நிறுத்திவிட்டாரா? சும்மா உட்கார்ந்துகொண்டு எனக்குக் கதை எழுதுகிறாயா?

வியாழனன்று அந்த 19-ஐப் பார்த்ததும் பண்ணை வீட்டு எண்ணை அழுத்திவிட்டேன். அங்கே ஒரு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். கூப்பிட மாட்டேன் என்று சொன்னேன், கூப்பிடவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குப் புரியாது. பயமாக இருக்கிறது, கெல்.

கிளெனிஸ்


மல்கா டேங்க் கொட்டகை
19 ஜூலை, புதன்

அக்கா,

உன் கடிதம் மதியம் வந்தது. முதலில் கோபமாக ஒன்று எழுதி, நாலு வரியில் நிறுத்தி, அடுப்பில் போட்டேன். இது இரண்டாவது.

அது என் கோடு இல்லை. நெவ்வின் கோடு.

திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படி. பெக்கெட் அப்படிச் சொன்னபிறகு எனக்கு ஒரே யோசனை. ஒரு சின்ன இறக்கம் வந்தால்கூட நீ கூப்பிடுவாய், என் இடம் போய்விடும் என்று பட்டது. ஆகவே ஞாயிறன்று புதுச் சென்சாரை நெவ்வின் புயத்தில் ஒட்டிவிட்டேன். வியாதி இல்லாதவன், அவன் கோடு அஞ்சிலும் ஆறிலும் அசையாமல் கிடக்கும், நீயும் நிம்மதியாக இருப்பாய் என்று கணக்குப் போட்டேன். ஒரு பெட்டி பீர் தருவதாகச் சொன்னதும் அவன் சட்டையைக் கழற்றிவிட்டான். போனை பிரஸ் பக்கத்துப் பலகையில் வைத்தேன், சத்தம் வராமல் எல்லாவற்றையும் அணைத்தேன், அதற்கப்புறம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டேன், முன்பெல்லாம் செய்த மாதிரி.

உன் கடிதத்தைப் படித்ததும் போய்த் திறந்தேன். நீ சொன்ன எல்லா எண்ணும் அதில் இருக்கிறது. நெவ் அந்த நேரம் தண்ணீர்ப் பையைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் குடித்துக்கொண்டுதான் இருப்பான். ராத்திரி நாலு தடவை எழுந்து வெளியே போவான், கதவை அறைகிறான் என்று நாங்கள் திட்டுவோம். ஈஸ்டரிலிருந்து பெல்ட்டில் மூன்று புது ஓட்டை போட்டிருக்கிறான், சமையல்காரி ஜாய்ஸ் இளைக்கும் ரகசியத்தைச் சொல்லச் சொல்லி அவனைக் கெஞ்சுகிறாள். இதையெல்லாம் பதினோரு வயதில் என் உடம்பிலேயே பார்த்தவன் நான். ஒரே அறையில் படுத்துக்கொண்டு இவன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் ஆகும். வியாழன், பத்து மணிக்குத் தொடங்கும் இரண்டாம் வேளையில், எனக்கு இறங்கிவிட்டது. விரலைக் குத்தியபோது சரியாக இருந்தது, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் குனிந்து கத்தரித்தேன். கை நடுங்கி ஒரு தாய் ஆட்டின் மடிக்காம்பை வெட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. அதன் குட்டிக்கு இனி ஒரு பக்கம்தான் பால். பெக்கெட் பார்த்துவிட்டு அந்த ஆட்டைத் தானே இழுத்துக்கொண்டு போனார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

நெவ்விடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவன் அம்மாவுக்கு இதே வியாதியில் காலை வெட்டி எடுத்தார்கள், அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவான். சென்சார் இந்த ஞாயிறு வரை ஓடும், அதை அவன் கையிலேயே விட்டு வைக்கிறேன். என்ன செய்யட்டும், அக்கா? என் இன்சுலினில் கொஞ்சம் அவனுக்குப் போடலாமா?

கெல்


நராண்டெரா
24 ஜூலை, திங்கள்

கெல்,

முதலில் இது: உன் இன்சுலினை அவனுக்குப் போடாதே. ஒரு துளிகூட. உனக்கு எவ்வளவு என்று உனக்குத் தெரியும், அவனுக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, அவனைக் கொன்றுவிடுவாய். இதைப் படித்ததும் கீழே வைத்துவிட்டு அவனிடம் போய் எல்லாவற்றையும் சொல். காலையில் சாப்பிடுவதற்கு முன் உன் மீட்டரில் அவன் விரலைக் குத்திப் பார், புது ஊசியில். வாந்தியோ வயிற்று வலியோ மூச்சு வாங்குவதோ வந்தால் கொட்டகை நின்றாலும் பரவாயில்லை, உடனே உதவிக்குக் கூப்பிடு. இல்லாவிட்டால், உங்கள் பக்கத்துப் பண்ணை ஓடுதளத்தில் மாதத்தின் முதல் செவ்வாய் நோயாளிகளைப் பார்க்க டாக்டர் வரும் விமானம் இறங்கும் என்று எங்கள் நர்ஸ் சொல்கிறாள். அது வருகிற ஒன்றாம் தேதி. அவனைக் கட்டித் தூக்கியாவது கொண்டு போ.

இப்போது திட்டுகிறேன். பதினைந்து நாள் நான் அந்தக் கோட்டைப் பார்த்துச் செத்தேன். உன்னைப் பற்றி அழுதேன். முன்பின் தெரியாத ஒரு ஆளின் மாவுருண்டைக்காக நான் அழுதிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. உனக்கு வெட்கமாக இல்லையா? காது இரண்டையும் பிடித்துத் திருகியிருப்பேன், நல்லவேளை நீ அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாய். உனக்கு ஒன்று ஆகியிருந்தால், என் போனில் நெவ்வின் கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். நான் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை யோசித்தாயா?

ஆனால் ஒன்று. உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழரைக்குக் கோடு இறங்கத் தொடங்கியது, ஒன்பதரைக்கு நிமிர்ந்தது, பத்துக்கு மறுபடி இறங்கியது. பேருந்தை ஷெட்டில் விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவன்தான், வந்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொன்னேன். நேற்றே உன் கையில் புதிதாக ஒட்டிவிட்டாய், நான் சொல்லாமலே. அதற்காகத் திட்டில் கால்வாசியைக் குறைத்துக்கொள்கிறேன்.

மே மாதத்துக்கான அந்த மற்ற பாதி மன்னிப்பையும் கேட்டுவிடுகிறேன். நான் பயந்து கூப்பிட்டதற்கு இல்லை. உன்னை என்னிடம் இவ்வளவு பயப்பட வைத்துவிட்டேன் என்பதற்கு.

கிளெனிஸ்


மல்கா டேங்க் கொட்டகை
2 ஆகஸ்ட், புதன்

அக்கா,

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்ததும் படித்துவிட்டு நேராக பிரஸ்ஸுக்குப் போனேன். நெவ்விடம், உன் கையில் ஒட்டினது விளையாட்டு இல்லை, உன் சர்க்கரை பத்தொன்பது வரைக்கும் போகுது என்றேன். அவன் பாட்டை நிறுத்தினான்.

"மெஷின் உன்னோடது. வியாதியும் உன்னோடது. எனக்கு ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னான். திரும்பிக்கொண்டு பொதிக்கு மையடித்தான். நான் போகவில்லை, நின்றேன். அவன் தகட்டை வைத்து, கண்ணைச் சுருக்கி, முகத்தைப் பொதியோடு ஒட்டி எண்ணைத் தேடினான். 38 அடிக்க வேண்டிய பொதியில் 33 அடித்தான். பின்னால் பார்த்தால் ஏற்கெனவே இரண்டு பொதியில் 33 இருந்தது. முப்பது வருஷமாக பொதி கட்டுகிறான், அவன் எண் தப்பாக விழுந்ததாக எந்தக் கிடங்கிலிருந்தும் ஒரு புகார் வந்ததில்லை. மூன்றையும் கையால் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தான். அப்புறம் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்:

"ரெண்டு மாசமாவே மங்கலாத்தான் தெரியுது, கெல். வயசுன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கும் மொதல்ல கண்ணுதான். காலை எடுத்துருவாங்களா?"

என் காலணியைக் கழற்றி, உன் காலுறையையும் கழற்றி, பத்து விரலையும் அவன் முன்னால் நீட்டினேன். முப்பத்து மூணு வருஷம், எண்ணிப் பாத்துக்கோ என்றேன். நாற்றம் தாங்கல, உள்ளே போடு என்றான். அவன் சிரித்ததும் எனக்கு மூச்சு வந்தது.

சனி காலை விரலில் 15.8. வாந்தி, வலி எதுவும் இல்லை. பெக்கெட்டிடம் நானே போய், சென்சாரை மாற்றி ஒட்டியதிலிருந்து ஆட்டின் காம்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன். இடம் போனது என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். செவ்வாய் மதியம் ஓடுதளத்துக்குப் போக இரண்டு பேருக்கும் வண்டிச் சாவியைக் கொடுத்து, பொதி கட்ட அவரே நின்றார். அவர் கட்டிய பொதிகளை நெவ் இன்று பிரித்துக் கட்டுகிறான்.

டாக்டர் அரை மணி நேரம் பார்த்தார். ரத்தம் எடுத்தார், காலைத் தட்டிப் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், கண்ணுக்கு வேறு டாக்டரிடம் தேதி வாங்கினார். சர்க்கரை இறங்கினால் இந்த மங்கல் பெரும்பாலும் தெளியும், நேரத்தோடு வந்தீர்கள் என்றார். கால்களுக்கு ஒன்றுமில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டபோது நெவ் என்னைக் கையால் காட்டினான். உண்மையைச் சொன்னேன். அவரோடு வந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் உன் சாயல் இருந்தது.

திரும்பும்போது வண்டியில் நெவ் கேட்டான், "அப்போ உங்க அக்கா இனிமே என் கோட்டைப் பாக்க மாட்டாங்களா?" அவன் கேலி செய்யவில்லை. அவனுக்கென்று அப்படிப் பார்க்க யாரும் இல்லை.

கெல்


நராண்டெரா
8 ஆகஸ்ட், செவ்வாய்

கெல்,

நெவ்விடம் சொல்: காலையில் குத்திப் பார்க்கும் எண்ணை வாரம் ஒருமுறை எனக்கு எழுதி அனுப்பச் சொல். உன் கடிதத்தோடு வைத்து அனுப்பட்டும், தபால்தலை மிச்சம். பத்துக்கு மேல் இருந்தால் என்ன சாப்பிட்டான் என்பதையும் எழுத வேண்டும். பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும், அவன் மாவுருண்டைக் கோடு எனக்கு மனப்பாடம்.

இப்போது உன் விஷயம். வெள்ளி பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு 3.4. அம்புக்குறி கீழ்நோக்கி. நான் பேருந்தை எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அப்படியே நடைபாதையில் நின்றுவிட்டேன். நீ எந்தக் கைமேலும் படுத்திருக்கும் நேரம் இல்லை அது, மூன்றாம் வேளை ஓடும் நேரம், ஆகவே நிஜம். ஒரு கையில் சாவி, ஒரு கையில் போன். கூப்பிடவில்லை. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அம்பு மேலே திரும்பியது. பள்ளிக்கு ஆறு நிமிஷம் தாமதமாகப் போனேன், பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் என்ன நடந்தது? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கிளெனிஸ்


மல்கா டேங்க் கொட்டகை
12 ஆகஸ்ட், சனி

அக்கா,

சொல்கிறேன். இப்போதும் போனை பிரஸ் பக்கத்துப் பலகையில்தான் வைக்கிறேன், ஆனால் சத்தத்தைத் திறந்து விட்டிருக்கிறேன். அந்த வெள்ளியன்று ஒரு பெரிய ஆட்டைப் பாதி கத்தரித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கு நடுவில் ஆடு, ஒரு கையில் மெஷின், ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்திருக்கிறேன். போன் கூவியது எனக்குக் கேட்கவே இல்லை. நெவ்வுக்குக் கேட்டிருக்கிறது. பிரஸ்ஸை விட்டுவிட்டு வந்தான். என் மெஷின் கயிற்றை இழுத்து நிறுத்தினான், ஜெல்லி மிட்டாய் நாலை ஒவ்வொன்றாக என் வாயில் திணித்தான். நான் மெல்லும்வரை ஆட்டை அவன் பிடித்துக்கொண்டான். நடுங்குவது நின்றதும் கயிற்றை மறுபடி இழுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். மற்ற ஐந்து மெஷினும் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

பெக்கெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் அடுத்த சீசன் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே நெவ்வின் பெயர். இந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், சீட்டு வேண்டாம் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். தொப்பியில் சீட்டுப் போடாமல் இடம் கொடுத்ததை நான் எந்தக் கொட்டகையிலும் பார்த்ததில்லை. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் அழிக்கவில்லை.

நெவ்வின் எண்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன. 14.1-ல் தொடங்கி இன்று காலை 9.6. புதனன்று 12 என்று இருப்பதற்கு எதிரே 'ஜாய்ஸ் பிறந்தநாள்' என்று அவனே எழுதியிருக்கிறான். எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் தகடு இப்போது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதாம்.

இன்னும் பத்து நாளில் கடைசி ஆடு முடியும். வீட்டுக்கு வருகிறேன். நெவ்வையும் கூட்டி வருகிறேன், தனக்காக அழுத பொம்பளையை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தபின் வரும் முதல் ஞாயிறு மதியம் எனக்கு போன் செய். பண்ணை வீட்டு எண்ணுக்கு இல்லை, என் எண்ணுக்கு. முதல் மணியிலேயே எடுப்பேன். சாப்பிட்டுவிட்டு முதுகை நீட்டிப் படுத்திருப்பேன், அந்தக் கைமேல் இல்லை.

கெல்